கம்பளி போர்த்திய இட்லி மாவு: நல்ல தலைப்பு எங்கே கிடைக்கிறது

சங்கப் பாட்டு ஒன்றின் பெயர் ‘புண்ணுமிழ் குருதி’. பதிற்றுப்பத்தில் இரண்டாம் பத்தின் முதல் பாட்டு அது. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைக் குமட்டூர்க் கண்ணனார் பாடியது. வேல் பாய்ந்து திறந்த புண்கள் உமிழ்ந்த குருதியால், நீலமணி நிறத்தில் இருந்த கழிநீர் குங்குமக் குழம்பு போல நிறம் மாறிவிட்டது என்று பாட்டின் நடுவே ஓரிடம் வருகிறது. அந்த இடத்திலிருந்து ஒரு தொடரைக் கிள்ளியெடுத்துப் பாட்டுக்கே பெயராக வைத்துவிட்டார்கள். ‘சேரனின் வெற்றி’ என்று வைத்திருந்தாலும் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பெயர் அந்தத் தொகுப்பில் பாதிப் பாட்டுகளுக்குப் பொருந்தும். ‘புண்ணுமிழ் குருதி’ ஒரே ஒரு பாட்டுக்குத்தான் பொருந்தும்.

பதிற்றுப்பத்தில் இன்று கிடைக்கும் 80 பாட்டுகளுக்கும் இப்படியே பெயர் இருக்கிறது. பூத்த நெய்தல், நிரைய வெள்ளம், துயிலின் பாயல், ஏறா ஏணி. ஏணி என்றால் ஏறுவதற்குத்தானே, ஏறாத ஏணி எது? கேள்வி எழுந்தவுடன் கை தானாகப் பாட்டைத் தேடுகிறது.

பத்துப்பாட்டில் இன்னும் தெளிவான சாட்சி உண்டு. நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய நூலுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று கூத்தராற்றுப்படை. கூத்தர்களை ஒரு வள்ளலிடம் வழிப்படுத்தும் நூல் என்று வகையைச் சொல்கிற பெயர். பிழையே இல்லாத பெயர். மற்றொன்று மலைபடுகடாம். மலையில் எழும் பல வகை ஓசைகளையும், யானைபோல் நிற்கும் அந்த மலையின் மதநீராகக் கண்ட ஒரு தொடர் நூலுக்குள் வருகிறது. அந்தத் தொடரே பெயராகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பத்துப்பாட்டின் பெயர்களை ஒப்பித்தவர்களுக்கு எந்தப் பெயர் முதலில் நினைவுக்கு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செம்புலப்பெயனீரார் கதையும் இதுதான். புலவரின் சொந்தப் பெயர் போய்விட்டது. செம்மண்ணில் பெய்த மழைநீர் என்று அவர் சொன்ன உவமை அவருக்குப் பெயராக நின்றுவிட்டது.

இணையத்தில் எழுதுகிறவர்களுக்குத் தலைப்புப் பாடம் எடுப்பவர்கள் வழக்கமாக வேறிடத்தில் தொடங்குகிறார்கள். ‘அதிர்ச்சி’, ‘ரகசியம்’, ‘உடனே’ என்று ஒரு சொற்பட்டியல் தருகிறார்கள். அவற்றைப் பொருத்திக்கொள்ளச் சட்டகங்கள் தருகிறார்கள். எழுதி முடித்த கட்டுரையின் மேல் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுகிற வேலை அது. தலைப்பு கட்டுரைக்குள்ளேயே கிடக்கிறது, அதைத் தேடி எடுப்பதுதான் வேலை என்று நான் நம்புகிறேன். வெளியிலிருந்து ஒட்டும் முறையைப் பெரிய அளவில், முழு முனைப்போடு, கணக்கு வைத்துச் செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கதையைப் பார்த்துவிட்டு வருவோம்.

அமெரிக்காவில் 2012 மார்ச்சில் அப்வொர்த்தி என்ற தளத்தை ஈலை பாரிசரும் பீட்டர் கோச்லியும் தொடங்கினார்கள். நோக்கம் நல்ல நோக்கம். சமூகத்துக்குப் பயன்படும் விஷயங்கள், யாரும் கண்டுகொள்ளாத வீடியோக்கள், இவற்றைப் பூனை வீடியோக்களுக்கு இணையாகப் பரவச் செய்ய வேண்டும். அதற்கு அவர்கள் கண்ட வழி தலைப்பு. ஒவ்வொரு பதிவுக்கும் ஆசிரியர் குறைந்தது 25 தலைப்புகள் எழுத வேண்டும் என்று விதி வைத்தார்கள். அவற்றில் தேறியவற்றை வாசகர்களில் ஒரு பகுதிக்கு ஒன்று, இன்னொரு பகுதிக்கு மற்றொன்று என்று காட்டிப் பார்த்து, அதிகம் பேர் சொடுக்கியதை வைத்துக்கொண்டார்கள். அடுத்து என்ன நடந்தது என்று பாருங்கள், மூன்றாவது நிமிடத்தில் நான் அழுதுவிட்டேன் என்கிற பாணி அங்கிருந்துதான் உலகம் முழுவதும் பரவியது. பாதியைச் சொல்லி மீதியை மறைப்பது அந்தப் பாணியின் உயிர். தளம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் மாதம் பல கோடிப் பேர் வந்தார்கள்.

அவர்களில் பெரும்பாலோர் ஃபேஸ்புக் வழியாக வந்தவர்கள். 2014 ஆகஸ்டில் ஃபேஸ்புக் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. முழுவதையும் படிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவுகிற தலைப்புகளையே 80 சதவீதத் தருணங்களில் மக்கள் விரும்பியதாகத் தங்கள் ஆய்வு சொல்கிறது என்றார்கள். ஒருவர் இணைப்பைச் சொடுக்கி வெளியே போய், உடனே திரும்பி வந்துவிட்டால் அங்கே அவர் தேடியது கிடைக்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட பதிவுகளை இனி கீழே தள்ளுவோம் என்றார்கள். 2016 ஆகஸ்டில் இன்னும் ஒரு படி போய், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைக்கும் தலைப்புகளை அவற்றில் வரும் சொற்றொடர்களை வைத்தே கண்டுபிடிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 2017 தொடக்கத்தில் அப்வொர்த்தி வேறொரு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது.

25 தலைப்பு எழுதும் பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். முதலில் வரும் ஐந்தாறு தலைப்புகள் நம்முடையவை அல்ல, நாம் எங்கெங்கோ படித்தவை. அவை வடிந்த பிறகுதான் ஊற்று நீர் வரும். அப்வொர்த்தியின் குறை எண்ணிக்கையில் இல்லை. இருபத்தைந்தையும் ஒரே ஓட்டையில் போட்டார்கள். எதை மறைக்கலாம் என்ற ஒரே கேள்விதான் அத்தனைக்கும் பின்னால் இருந்தது.

அவர்கள் விட்டுச் சென்ற சோதனைக் கணக்குகள் பின்னர் ஆராய்ச்சியாளர்களுக்குக் கிடைத்தன. 32,000-க்கும் மேற்பட்ட சோதனைகள். அவற்றில் ஒரு பெரும் பகுதியை வைத்து 2023-இல் நேச்சர் ஹியூமன் பிஹேவியர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. தலைப்பில் எதிர்மறையான சொல் ஒன்று கூடினால் சொடுக்கும் விகிதம் 2.3 சதவீதம் கூடுகிறது என்பது அதன் முடிவு. இந்த வரியைப் பிடித்துக்கொண்டு, பயமுறுத்தினால்தான் படிப்பார்கள் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஆய்வில் தலைப்புகள் 37 கோடி முறைக்கு மேல் கண்ணில் பட்டன. சொடுக்குகள் சுமார் 57 லட்சம். அதாவது 65 பேர் கண்ணில் பட்டால் ஒருவர் உள்ளே வந்தார். ஒரு லட்சம் பேர் பார்த்தால் ஏறக்குறைய 1,540 பேர். அதில் 2.3 சதவீதம் என்பது 35 பேர். ‘நாசம்’ என்றோ ‘பயங்கரம்’ என்றோ ஒரு சொல்லைக் கூட்டினால் லட்சத்துக்கு 35 பேர் கூடுதலாக வருவார்கள். அந்த 35 பேருக்காக, அடுத்த முறை நம் பெயரைப் பார்த்ததும் விரலை நகர்த்திக்கொண்டு போகப்போகிறவர்கள் எத்தனை பேர் என்பது அந்தச் சோதனையில் அளக்கப்படாத கணக்கு. எழுதுகிறவர் அதை மனத்தில் அளந்தாக வேண்டும்.

ஆர்வம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பற்றி அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994-இல் எழுதியது இன்றும் பலரால் மேற்கோள் காட்டப்படுகிறது. நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் இடையே ஒரு பள்ளம் இருப்பதை நாம் உணரும்போது ஆர்வம் பிறக்கிறது என்றார் அவர். மறைத்து எழுதுகிறவர்கள் இதைத்தான் தங்களுக்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஆனால் அவர் சொன்னதில் பாதியை விட்டுவிடுகிறார்கள். பள்ளம் தெரிய வேண்டுமானால் இரு கரையும் கண்ணில் பட வேண்டும். ஒரு விஷயத்தைப் பற்றி ஓரளவு தெரிந்தவனுக்குத்தான் மீதியைத் தெரிந்துகொள்ளும் அரிப்பு வரும். ஐம்பது துண்டுப் படப்புதிரில் நாற்பத்தெட்டைப் பொருத்தியவன் எழுந்து போக மாட்டான். இரண்டைப் பொருத்தியவன் சாப்பிடக் கூப்பிட்டால் போய்விடுவான். தலைப்பில் நாம் தருவது கூடக் கூட, விட்டுவைத்த கொஞ்சத்துக்கு இழுவை கூடுகிறது.

விளம்பர உலகில் எல்லோரும் சொல்லும் உதாரணம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் சொன்னாலும் அதன் பின்கதைக்காக நானும் சொல்கிறேன். 1958-இல் டேவிட் ஓகில்வி ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதிய தலைப்பு: மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது இந்தப் புதிய ரோல்ஸ் ராய்ஸில் எழும் மிகப் பெரிய சத்தம் அதன் மின்கடிகாரத்திலிருந்து வருவதுதான். இதில் மறைத்தது எதுவும் இல்லை. வேகம் எவ்வளவு, சத்தம் எங்கிருந்து, எல்லாம் வெளிப்படை. ‘உலகின் மிக அமைதியான கார்’ என்று எழுதியிருந்தால் அது வெறும் பெருமை. கடிகாரத்தின் டிக் டிக் காதில் விழும்போது அது அனுபவம். அந்த வரி ஓகில்விக்கு எங்கிருந்து கிடைத்தது? காரைப் பற்றிய தாள்களை மூன்று வாரம் உட்கார்ந்து படித்தார். பிரிட்டிஷ் கார் பத்திரிகை ஒன்றின் தொழில்நுட்ப ஆசிரியர் எழுதிய குறிப்புக்குள் அது கிடந்தது. பதிற்றுப்பத்துக்குப் பெயர் வைத்தவர்கள் செய்த அதே வேலை. உள்ளே போய்ப் பார்த்தார். உயிருள்ள இடம் தென்பட்டது. எடுத்து மேலே வைத்தார்.

தமிழில் மறைக்கும் தலைப்புக்கென்று ஓர் இலக்கணமே உருவாகிவிட்டது. அதன் முதற்கருவி ‘இ’ என்ற சுட்டெழுத்து. இந்த ஒரு பொருள் போதும். இதைச் செய்தால் முடி கொட்டாது. இவர்தான் காரணமாம். நம் மொழியில் சுட்டுக்கு ஒரு நேர்மை உண்டு. ‘இந்தப் பழம்’ என்று சொன்னால் பழம் கையில் இருக்க வேண்டும், அல்லது முந்தைய வாக்கியத்தில் வந்திருக்க வேண்டும். வெறும் இடத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு, அங்கே என்ன இருக்கிறது என்று வாசகனைத் தேட வைப்பது அந்த நேர்மைக்கு எதிரானது. நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல இது. டென்மார்க்கில் ப்ளோம், ஹான்சன் என்ற இருவர் பத்துச் செய்தித் தளங்களின் ஒரு லட்சம் தலைப்புகளை ஆராய்ந்து, இன்னும் சொல்லப்படாத ஒன்றை முன்கூட்டியே சுட்டும் இதே உத்தியை 2015-இல் விவரித்தார்கள். மொழி எதுவானாலும் விரல் ஒரே மாதிரிதான் நீள்கிறது.

இரண்டாவது கருவி ‘தெரியுமா?’. ‘மஞ்சள் பாலின் நன்மைகள்’ என்றால் மஞ்சள் பாலின் நன்மைகள் உள்ளே இருக்கும். ‘மஞ்சள் பால் குடித்தால் என்ன ஆகும் தெரியுமா?’ என்றால் உள்ளே இருப்பதும் அதேதான், கேட்பவர் குரலில் ஒரு மிரட்டல் மட்டும் கூடுகிறது. மூன்றாவது, ஆகாரத்தில் முடியும் கேள்வி. பெட்ரோல் விலை குறைகிறதா? கட்சி உடைகிறதா? கேள்விக்குறியில் முடியும் எந்தத் தலைப்புக்கும் ‘இல்லை’ என்று பதில் சொல்லிவிடலாம் என்று பிரிட்டிஷ் தொழில்நுட்ப எழுத்தாளர் இயன் பெட்டரிட்ஜ் 2009-இல் எழுதினார். ‘ஆம்’ என்று உறுதியாகத் தெரிந்தால் எழுதுகிறவர் கேள்விக்குறியைத் தேட மாட்டார்.

எண் போட்ட தலைப்புகளை இவற்றோடு சேர்த்துத் திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நூலுக்குப் பெயர் எதனால் அமையலாம் என்று பட்டியலிடும் நன்னூல், அளவையும் அதில் ஒன்றாகச் சேர்க்கிறது. நம் பதினெண்கீழ்க்கணக்கில் இன்னா நாற்பதும் இனியவை நாற்பதும் இருக்கின்றன. எது துன்பம் என்று நாற்பது பாட்டு, எது இன்பம் என்று நாற்பது பாட்டு. வாங்கப்போகிறவனுக்கு எடை சொல்லிக் கொடுக்கிற பெயர்கள் அவை. பழுது வருவது, ஏழு குறிப்புக்கு விஷயம் வைத்துக்கொண்டு பதினைந்து என்று தலைப்பில் எழுதி, மீதி எட்டை இட்டு நிரப்பும்போதுதான்.

இனி, தமிழில் எழுதுகிறவர்கள் எதிர்கொள்ளும் ஒரு சிக்கல். ஆங்கிலத்திலிருந்து எடுத்த தலைப்புப் பாடங்களில் இதற்கு விடை கிடைக்காது.

கார்த்திகை மாத இரவு. ஒன்பது மணி. வெளியே மழை கொட்டுகிறது. பிள்ளைகள் சீருடையை இஸ்திரி போடலாமா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். தொலைபேசியில் தேடுகிறீர்கள். ‘கனமழை எச்சரிக்கை: சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் பள்ளிகளுக்கு நாளை விடுமுறை…’ என்று ஒரு தலைப்பு தெரிகிறது. வீட்டில் ஆரவாரம். உள்ளே போய்ப் பார்த்தால் முழுத் தலைப்பு ‘விடுமுறை இல்லை’ என்று முடிகிறது.

யாரும் பொய் எழுதவில்லை. தமிழ் வாக்கியம் முடிவைக் கடைசியில் வைக்கிறது. வினை கடைசியில், எதிர்மறை கடைசியில், ‘என்பது வதந்தி’ கடைசியில், ‘என்று கூற முடியாது’ கடைசியில். தேடுபொறியும் தொலைபேசித் திரையும் அந்தக் கடைசியைத்தான் வெட்டுகின்றன. எழுத்தை எண்ணி வெட்டாமல், திரையில் எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்று பார்த்து வெட்டுகிறார்கள். ஆங்கிலத்தின் ஒல்லியான எழுத்துகளோடு ஒப்பிட்டால் நம் ‘ணை’, ‘ஞா’, ‘கொ’ எல்லாம் அகலக்காரர்கள். ஆங்கிலத்தில் ‘இல்லை’ முன்னாலேயே வந்துவிடும். வால் போனாலும் தலை தப்பிக்கும். தமிழில் வால் போனால் பொருளே தலைகீழாகிவிடும்.

அச்சில் இருந்தவர்கள் இதற்குப் பழைய வழி வைத்திருக்கிறார்கள். பெட்டிக்கடை வாசலில் தொங்கும் செய்தித்தாள் போஸ்டரைப் பாருங்கள். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து படித்துவிட வேண்டும்; ஐந்தாறு சொல்லுக்கு மேல் இடமில்லை. அதனால் வினைமுற்றைக் கழித்துவிட்டு ‘விலை உயர்வு’, ‘மூவர் கைது’, ‘அணை திறப்பு’ என்று பெயர்ச்சொல்லில் நிறுத்துகிறார்கள். ஆள் முதலில், நிகழ்ச்சி அடுத்து, ஊர் பிறகு. 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியும்படி தலைப்பை எளிமையாக்கியதில் பெரும் பங்கு கொண்டது. அந்த நறுக்கு இன்று கைபேசிக்கு அப்படியே உதவும். முடிவை முன்னால் வைத்து, முக்காற்புள்ளி போட்டு, விவரத்தைப் பின்னால் தள்ளினால் போதும். ‘நாளை விடுமுறை இல்லை: சென்னை உட்பட 3 மாவட்டப் பள்ளிகள் இயங்கும்’. எங்கே வெட்டினாலும் பிள்ளைகள் ஏமாற மாட்டார்கள்.

தேடுபொறி பற்றி இன்னும் ஒரு சொல். 2021 ஆகஸ்டிலிருந்து கூகுள், நாம் கொடுத்த தலைப்பு பொருந்தவில்லை என்று கருதினால், பக்கத்துக்குள் இருக்கும் வேறு வரியை எடுத்துத் தானே தலைப்பாகக் காட்டும் ஏற்பாட்டை விரிவாக்கியது. மிகையாக எழுதினால் இயந்திரமும் உள்ளே போய்த்தான் தலைப்பு தேடுகிறது.

தேடி எடுப்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று ஒரு பதிவை வைத்தே காட்டுகிறேன். குன்னூரில் இருக்கும் என் தோழி சமையல் பற்றி எழுதுகிறாள். டிசம்பரில் ஒரு பதிவை அனுப்பி, “தலைப்பு மட்டும் சரியாக வரவில்லை, பார்த்துச் சொல்” என்றாள். அவள் வைத்திருந்த தலைப்பு ‘இட்லி மாவு புளிக்கச் சில குறிப்புகள்’. கூத்தராற்றுப்படை மாதிரி: பிழை இல்லை, உயிரும் இல்லை. இந்தத் தலைப்பில் ஏற்கெனவே எத்தனை பதிவுகள் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு அவளே இரண்டாவதாக ஒன்று அனுப்பினாள்: ‘இதை மட்டும் செய்தால் போதும், மாவு பொங்கி வழியும்!’ இது வெறும் இடத்தைச் சுட்டும் விரல்.

பதிவைப் பென்சிலோடு படித்தேன். முதல் பத்தி, குளிர்காலத்தில் எல்லோருக்கும் வரும் சிரமம் பற்றி. இரண்டாவது, அரிசி உளுந்து விகிதம். மூன்றாவது, வெந்தயம் ஊறவைப்பது, கையால் கரைப்பது. நான்காம் பத்தியில் இந்த வரி இருந்தது: “இரண்டு நாள் மாவு அசையவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி, அகலப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அதற்குள் மாவுச் சட்டியை வைத்து, மேலே என் மாமனாரின் கம்பளியைப் போர்த்திவிட்டுப் படுத்தேன். காலையில் கம்பளி ஒரு விரற்கடை மேலே எழும்பியிருந்தது.”

அங்கே பென்சில் நின்றுவிட்டது. மாவுக்குக் கம்பளி போர்த்துகிற வீடு. அது எழும்பியிருப்பதைக் காலையில் ஒருத்தி பார்க்கிறாள். இந்தப் பதிவில் மட்டுமே இருப்பது அதுதான். விகிதமும் வெந்தயமும் எல்லோரிடமும் இருக்கின்றன.

‘மாவுச் சட்டிக்குக் கம்பளி போர்த்தினேன்’ என்று முதலில் எழுதினேன். அழகாக இருந்தது, ஆனால் இட்லி மாவு பொங்கவில்லையே என்று தேடி வருகிற பெண்ணுக்கு இது தனக்கான பதிவு என்று தெரியாது. தேடுகிறவர் தட்டும் சொற்கள் தலைப்பில் இருந்தாக வேண்டும். அவருக்கு வழி மறைத்துவிட்டுக் கவிதை எழுதுவதில் பயன் இல்லை. ‘குளிரில் இட்லி மாவு பொங்கவில்லையா? கம்பளி போர்த்துங்கள்’ என்று மாற்றினேன். அதில் ஆணை வந்துவிட்டது, ஆள் போய்விட்டாள். கடைசியில் நின்றது: ‘இட்லி மாவுக்குக் கம்பளி போர்த்தினேன், குன்னூர்க் குளிரிலும் பொங்கியது’. முதல் இரண்டு சொல்லில் விஷயம் வந்துவிடுகிறது. குன்னூர் என்றவுடன் எவ்வளவு குளிர் என்று விளங்கிவிடுகிறது. ‘பொங்கியது’ வரை எல்லாம் சொல்லியாகிவிட்டது. அப்படியும் எப்படிப் போர்த்தினாள், வெந்நீர் எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்று கேட்கத் தோன்றுகிறது. ‘பொங்கியது’ வெட்டுப்பட்டாலும் கம்பளி மிஞ்சும்.

தலைப்பு கிடைத்த பிறகு அந்தப் பதிவில் வேறொன்றும் நடந்தது. முதல் பத்தியை அவளே எடுத்துவிட்டாள். எல்லோருக்கும் வரும் சிரமம் பற்றி இனி யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்காம் பத்தி மேலே வந்தது. எழுதியவளுக்கே தன் பதிவு எதைப் பற்றியது என்று தலைப்பு காட்டிக்கொடுத்தது. பல கட்டுரைகளில் இப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். பென்சில் எங்குமே நிற்காத கட்டுரைகளும் உண்டு. அவற்றுக்குத் தலைப்பு தேடிப் பயனில்லை. இன்னும் ஒரு முறை எழுத வேண்டும், அல்லது இன்னும் ஒருவரிடம் போய்க் கேட்டுவிட்டு வர வேண்டும்.

இவ்வளவு கவலை ஒரு வரிக்கு எதற்கு என்று கேட்கலாம். பலருக்கு அந்த ஒரு வரிதான் முழுக் கட்டுரை. ட்விட்டரில் பகிரப்பட்ட செய்தி இணைப்புகளில் 59 சதவீதம் ஒருமுறைகூடச் சொடுக்கப்படவில்லை என்று கொலம்பியா பல்கலைக்கழகமும் பிரான்சின் ஆய்வு நிறுவனம் ஒன்றும் சேர்ந்து 2016-இல் கண்டன. உள்ளே போய்ப் படித்தவர்களும் தப்பவில்லை. உல்ரிக் எக்கர் என்ற உளவியலாளர் ஆஸ்திரேலியாவில் நடத்தி 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், லேசாகத் திசைமாற்றும் தலைப்பைப் படித்தவர்கள், கட்டுரையை முழுதும் படித்த பிறகும் தலைப்பின் சாயலிலேயே அதை நினைவில் வைத்திருந்தார்கள். உள்ளே எழுதிய திருத்தம் தலைப்பு போட்ட சாயத்தை முழுதாகக் கழுவவில்லை.

எனக்கு இதற்கு ஆய்வு தேவைப்படவில்லை. என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. பதினோரு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு நாள் மாலை மாத்திரை டப்பாவை நிரப்பப் போனேன். செவ்வாய், புதன், வியாழன் மூன்று கட்டத்திலும் மாத்திரை அப்படியே இருந்தது. கேட்டேன். கைபேசியை எடுத்து நீட்டினார். ஒரு தளத்தின் தலைப்பு: ‘இந்த இலையைத் தினமும் மென்றால் போதும், சர்க்கரை மாத்திரைக்கு குட்பை!’ பின்கட்டில் அந்தச் செடி இருந்தது. மூன்று நாளாக மென்றுகொண்டிருந்தார்.

இணைப்பைத் திறந்து கடைசி வரை படித்தேன். பதினாலாவது பத்தியில் எழுதியிருந்தது: மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. எழுதியவருக்கு உண்மை தெரிந்திருக்கிறது. தெரிந்து, எழுதி, அதை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருக்கிறார். அந்தக் கட்டுரைக்கு உள்ளேயும் ஒரு தலைப்பு இருந்தது. அந்தப் பதினாலாவது பத்தியில்தான் இருந்தது. அதை மேலே வைத்திருந்தால் அம்மா மாத்திரையையும் விழுங்கியிருப்பார், ஆசைக்கு இலையையும் மென்றிருப்பார்.

அன்று இரவு சர்க்கரை அளவு பார்த்தோம், கூடியிருந்தது. மறுநாள் காலை மருத்துவரிடம் போனோம். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அம்மா கைபேசியில் படிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கும் மனமில்லை. இப்போதெல்லாம் தலைப்பைப் படித்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைபேசியை என் பக்கம் நீட்டுகிறார். “உள்ளே என்ன எழுதியிருக்கிறது, கடைசி வரைக்கும் படித்துச் சொல்” என்கிறார்.